பாலத்தில் மட்டும் நிற்கும் பிக்கப்

"அவன் எவனா இருந்தாலுஞ் செரி, கையை ஒடிச்சு அவன் கையிலேயே குடுத்தனுப்பணுமுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது."

சபரிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஒடித்த கையை எந்தக் கையால் வாங்கிக்கொள்வது என்று ஜோஸ்வாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டால் தன் கைக்கே ஆபத்து என்று வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடியிருப்பது அதிசயம். அந்த வாயினாலேயே அவன் ஐ.டி.ஐ.யில் படித்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையை எந்தப் பட்டறையிலும் நிலைக்கவிடாமல், கடைசியில் கயல்விழியின் துப்பறியும் ஆபீஸில் வந்து விழுந்திருந்தான்.

கயல்விழி அவனுக்கு நேர்மாறு. வாயைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. இன்சூரன்ஸ் சர்வேயராக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று சொல்லிவிடுவாள். கம்பெனி சொன்னபடி ரிப்போர்ட் எழுத மாட்டேன் என்று ஒருநாள் மேஜையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தவள், சேலத்தில் சொந்தமாக போர்டு மாட்டிக்கொண்டாள்.

இப்போது இருவரும் நிற்பது நாமக்கல்லில், அப்புசாமியின் பட்டறையில். சித்திரை வெயிலில் தகரக்கூரை தகித்தது. நடுவில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது சபரிநாதனின் பழைய பிக்கப்.

"மறுபடி ஒருக்கா மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் கயல்விழி.

சபரிநாதன் பரமத்தி வேலூரில் பெரிய இலை வியாபாரி. கொடிக்காலில் காலையில் பறிக்கிற வெற்றிலை, மத்தியானம் இந்த பிக்கப்பில் ஏறி, வெயில் தாழ சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதமாக அது நடக்கவில்லை. நாமக்கல் தாண்டி, ராசிபுரம் போகிற பழைய ரோட்டில் ஒரு கருங்கல் பாலம் வரும். வண்டி ஜம்மென்று வந்து, சொல்லிவைத்த மாதிரி பாலத்தின் நடுவில் பொட்டென்று நின்றுவிடும். எத்தனை சாவி போட்டாலும் பிடிக்காது. அப்புறம் தானாகவே மனசு மாறி ஸ்டார்ட் ஆகும். அதற்குள் பாதி இலை வாடிப்போயிருக்கும்.

"ரெண்டு டிரைவருங்க மொத வாரத்துலயே பேய் இருக்குதுன்னு ஓடிப் போயிட்டானுங்க. இப்ப நானே ஓட்டிட்டுப் போறேன். பேயுமில்ல, பிசாசுமில்ல. எவனோ போட்டிக்காரன் என்ர வண்டியில கை வெச்சிருக்கான். பேரை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அந்த 'மிச்சத்தை' அவர் சொன்ன விதத்தில் ஜோஸ்வா தன் இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டான்.

மெக்கானிக் அப்புசாமி பெஞ்சின் மேல் மூன்று பழைய சென்சார்களைப் பரப்பி வைத்திருந்தார். மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரே கோளாறுக்கு மூன்று முறை வைத்தியம் பார்த்தவன் நிலைமை வேறெப்படி இருக்கும்!

"ஓடுற வண்டி டக்குனு நின்னா கிராங்க் சென்சார்தானுங்க. இன்ஜின் சுத்துதா இல்லையான்னு பாத்து கம்ப்யூட்டர் பொட்டிக்குச் சொல்ற கண்ணு அது. கண்ணு மூடுச்சுன்னா பொட்டி டீசலை நிறுத்திப்போடும். அதை மாத்துனேன். கேக்கலை. மேல இருக்குற கேம் சென்சாரை மாத்துனேன். கேக்கலை. டீசல் போற ரயில் பைப்புல இருக்குற பிரஷர் சென்சாரையும் மாத்துனேன். ஸ்கேனர் போட்டா மட்டும் 'கிராங்க் சிக்னல் இல்லை'ன்னு அதே பாட்டைப் பாடுதுங்க."

"சூடானா மட்டும் மயக்கம் போடுற சென்சார் உண்டே?" என்றாள் கயல்விழி.

"அதான் காலையில டெஸ்ட் பண்ணா எல்லாம் பாஸ் ஆயிரும்" என்று ஜோஸ்வா இடையில் புகுந்தான். "எங்க பெரியப்பா மாதிரி. காபி குடிக்கிற வரைக்கும் நல்ல மனுசன்."

பக்கத்து டீக்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வந்தது. கழற்றிப் போட்ட முதல் கிராங்க் சென்சாரின் மூக்கை அதில் முக்கி, பின்னால் மல்டிமீட்டர் முள்ளை வைத்தான் ஜோஸ்வா. எண் லேசாக ஏறி, அங்கேயே நின்றது. சென்சாரை ஆட்டினான், தட்டினான், ஒயரை முறுக்கினான். அசையவில்லை.

"அக்கா, எங்க மாதா கோயில்ல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றவங்ககூட இவ்வளவு ஒரே பேச்சாப் பேச மாட்டாங்க. இந்த சென்சார் நல்ல சென்சார். பாவம், வேலையை விட்டு அநியாயமாத் தூக்கிட்டாங்க."

"சென்சாருக்குப் பாலம் எங்க இருக்குதுன்னு தெரியாது, ஜோசு. மனுசனுக்குத்தான் தெரியும்" என்ற கயல்விழி, சபரிநாதன் பக்கம் திரும்பினாள். "வண்டியில யாரெல்லாம் வருவீங்க?"

"யாரு வர்றாங்க? நான் ஒருத்தன்தானுங்க."

அந்தச் சமயத்தில் அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். அப்புசாமி ஏதோ கேஸ்கட் வாங்க எதிர்க் கடைக்கு ஓடினார். கயல்விழி கண்ணைக் காட்டியதும் ஜோஸ்வா வண்டிக்கு அடியில் சரிந்தான்.

சென்சார் நல்லது என்றால் தப்பு அதிலிருந்து போகிற ஒயரில். கிராங்க் சென்சார் இருக்கிற இடத்தில் தொடங்கி, விரலால் தடவிக்கொண்டே போனான். இன்ஜினைச் சுற்றி, பாட்டரிக்குக் கீழே இறங்கி, இடது முன்சக்கரத்தின் மட்கார்டுக்குள் ஒயர் நுழைந்தது. அங்கே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பாலிதீன் காகிதத்தில் சுற்றிய சின்ன டப்பா. சென்சார் ஒயரை வெட்டி, அதன் வழியாக விட்டு, மறுபடி சேர்த்திருந்தார்கள்.

"அக்கா!" என்று கிசுகிசுத்தான். "பைக் அலாரத்துல வர்ற ரிலே மாதிரி இருக்கு. ரிமோட்டை ஒரு அமுக்கு அமுக்கினா சிக்னல் கட். வண்டி நிக்கும். இன்னொரு அமுக்கு, ஓடும். பேய்க்கு பேட்டரி போட்டு வெச்சிருக்காங்க. பிடுங்கிடவா?"

"தொடாதே. எதால கட்டியிருக்கு?"

"எண்ணெய்ப் பிசுக்குல டேப் ஒட்டலை போல. நார்... வாழை நாரால கட்டியிருக்கு."

கயல்விழியே குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த நுனியில் ஒரு இணுக்கை மட்டும் கிள்ளி பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"இருந்தபடியே விட்டுட்டு எந்திரி. இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"அவர்தானே அக்கா நமக்குக் கட்சிக்காரர்?"

"அவர் கையை ஒடிக்கிறேங்கிறார். யார் கை, எதுக்கு வெச்ச கைன்னு தெரியாம நான் ஒரு பேரையும் சொல்ல மாட்டேன்."

அப்புசாமி திரும்பி வந்தார். கயல்விழி ஒன்றும் தெரியாதவள் போல ஒவ்வொரு சென்சாராகக் காட்டி, இது எப்போது மாற்றியது, அது எப்போது மாற்றியது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அப்புசாமி புதிதாகப் போட்ட மூன்றின் தலையிலும் பச்சை பெயிண்டில் ஒரு பொட்டு இருந்தது.

"எதுக்குங்க இந்தப் பொட்டு? திருஷ்டிக்கா?" என்றான் ஜோஸ்வா.

"பட்டறைக்காரன் அடையாளமுங்க தம்பி. நாளைக்கு கேரண்டின்னு எவனாச்சும் வந்து நின்னா, நான் போட்ட சாமானா, வேற எவனோ போட்டதான்னு தெரியோணுமில்ல? ஒவ்வொருத்தன் ஒவ்வொரு கலர் வெச்சிருப்பான். என்னுது பச்சை."

"அப்ப இது?"

கயல்விழியின் விரல் வண்டியின் முன்பக்கத்தைக் காட்டியது. ரேடியேட்டருக்கு முன்னால் போகிற காற்றுக்குழாயில் ஒரு சென்சார். இன்ஜினுக்குப் போகிற காற்றின் அழுத்தத்தைப் பார்ப்பது. வண்டி முழுக்கப் பழையதாக இருக்க, அதுவும் அதைச் சுற்றியிருந்த குழாயும் மட்டும் புதுசு. தலையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு.

அப்புசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இது நான் போட்டதில்லீங்! இந்த வண்டியை வாங்குன நாள்ல இருந்து நான்தான் பாக்கறேன். எனக்குத் தெரியாம எவன் கை வெச்சான்? கத்திரிப்பூ கலரு... தம்மம்பட்டி கந்தவேலு பொட்டு அல்லோ இது!"

சரியாக அப்போது சபரிநாதன் உள்ளே வந்தார்.

"தம்மம்பட்டியில எப்பவாச்சும் வண்டி வேலை பாத்தீங்களா?" கயல்விழி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தம்மம்பட்டியா? அந்தப் பக்கம் என்ர வண்டி போனதே இல்லீங்களே!" என்ற சபரிநாதனுக்கு நெற்றியில் வேர்த்தது. "அங்கெல்லாம் போயி நேரத்தை வீணடிக்காதீங்க. வேலூர்ல என்ர போட்டிக்காரனுங்களைப் புடிச்சு விசாரிங்க."

பட்டறைக்கு வெளியே வந்து பைக்கை உதைத்தபடி ஜோஸ்வா சொன்னான்: "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன். போலாமா அக்கா, தம்மம்பட்டி?"

"விடு வண்டியை."

ராசிபுரம், நாமகிரிப்பேட்டை தாண்டிப் போகும்போது கொல்லிமலை வலது பக்கம் கூடவே வந்தது. வெயிலுக்கு அதுவும் சோர்ந்துபோய்க் கிடந்தது. தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கந்தவேல் பட்டறை. வாசலிலேயே கத்திரிப்பூ நிற பெயிண்ட் டப்பா, அதில் ஒரு குச்சி.

கந்தவேல் நடுத்தர வயசு. போனில் எடுத்து வந்திருந்த சென்சார் படத்தைக் காட்டியதும் பொட்டைப் பார்த்தார், வண்டி நம்பரைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது ஒருநாள் வருவாங்கன்னு தெரியும்" என்றார்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"போன ஐப்பசியில, நல்ல மழை. விடியக்காலையில வந்து நின்னாரு. முன்னாடி பூராவும் நொறுங்கிக் கிடக்கு. பம்பர், கிரில், காத்துக்குழாய், சென்சார் எல்லாம் மாத்தணும், அன்னைக்கே வேணும்னாரு. என்னாச்சுன்னு கேட்டேன். மாடு குறுக்கே வந்துருச்சுன்னாரு."

"மாடு?"

கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டார். "நொறுங்குன கிரில்லைக் கழட்டுறப்ப, உள்ளே ஒரு சைக்கிள் பெல் சிக்கியிருந்துச்சும்மா."

ஜோஸ்வாவுக்குப் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிக்கு வந்தது: எந்த ஊர் மாடு பெல் அடிச்சுக்கிட்டு சைக்கிள்ல போகுது? சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சபரிநாதன் அப்புசாமி பட்டறையில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"போலீஸுக்குச் சொன்னீங்களா?" கயல்விழியின் குரல் கத்தி மாதிரி வந்தது.

"தைரியம் வரலை. பெரிய கை. நான் நாலு ஸ்பானர் வெச்சுப் பொழைக்கிறவன். ஆனா அந்தப் பொண்ணு வந்தப்ப மறைக்க முடியலை."

"எந்தப் பொண்ணு?"

"இனியான்னு பேரு. பரமத்தி வேலூர்ப் பக்கம். அவ தம்பி நிலவன் கோழிப்பண்ணை வேலை முடிஞ்சு சைக்கிள்ல வந்திருக்கான். கருங்கல் பாலத்துல அடிபட்டான். 'அடையாளம் தெரியாத வாகனம்'னு கேஸை மூடிட்டாங்க. இந்தப் பொண்ணு விடலை. நாமக்கல்லுல இருந்து ஆத்தூர் வரைக்கும் பட்டறை பட்டறையா ஏறி, முன்னாடி நொறுங்குன வண்டி எதாச்சும் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே வந்திருக்கு. எங்கிட்ட வந்து நின்னப்ப நான் பெல்லை எடுத்து அது கையில குடுத்து, வண்டி நம்பரையும் சொல்லிட்டேன். பாத்துட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைம்மா. 'அண்ணா, ஓடுற வண்டியை நினைச்ச எடத்துல நிறுத்த முடியுமா'ன்னுதான் கேட்டுச்சு."

"நீங்க ரிலேவைக் குடுத்தீங்க."

"சாட்சி சொல்லத்தான் துணிச்சல் இல்லை, இதையாச்சும் செய்வோம்னு நினைச்சேன். பாலத்துல திரும்பத் திரும்ப நின்னா, பயத்துல ஒருநாள் அவனே உளறிடுவான்னு சொல்லி, மாட்டுற விதத்தையும் கத்துக் குடுத்தேன்." கந்தவேல் ஸ்டூலை முன்னால் நகர்த்தினார். "ஆனா போன வாரம் வந்துச்சு. 'அவன் உளற மாட்டான் அண்ணா, கல்லு மனசு. நிறுத்துற எடத்தை மாத்தப் போறேன்'னு சொல்லிட்டுப் போயிருச்சு. அன்னையில இருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

பாலத்தைத் தாண்டினால் பழைய ரோடு பெரிய ரோட்டில் போய்ச் சேருகிற இறக்கம். பின்னால் டிரெய்லர் லாரிகள் வாயு வேகத்தில் வரும். அங்கே இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு பழைய சர்வேயருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கயல்விழியின் முகம் வெளுத்தது.

"ஆனா அக்கா, ரிமோட் கொஞ்ச தூரத்துக்குத்தானே எடுக்கும்? வண்டியில அவர் ஒருத்தர்தான் வர்றேன்னாரே!"

"நீ செவ்வாய்ப்பேட்டைக்காரன்தானே? இலை வண்டி வந்து நிக்கிறப்ப மேல யாரு உக்காந்திருப்பா?"

ஜோஸ்வா பளாரென்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டான். சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். கட்டுக் கட்டாக அடுக்கிய வெற்றிலைக்கு மேல் ஒரு பெண் உட்கார்ந்து, இலை வாடாமல் வழிநெடுகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவாள். அவளை ஆள் என்று கணக்கில் சேர்க்க சபரிநாதனுக்குத் தோன்றவே இல்லை. வாளி மாதிரி, சாக்கு மாதிரி, அவளும் வண்டியோடு வருகிற ஒரு சாமான்.

கயல்விழியின் போன் அடித்தது. சபரிநாதன்.

"ஆள் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது" என்றாள் அவள். கண்ணில் ஒரு நெருப்பு. ஜோஸ்வா அவளை இத்தனை கோபத்தில் பார்த்ததே இல்லை. "நாளைக்கு உங்க கூடவே வண்டியில வந்து கையோட காட்டுறேன். நீங்க சொன்ன மாதிரி, யாரையும் சும்மா விடக்கூடாது."

போனை வைத்துவிட்டு கந்தவேலைப் பார்த்தாள். "அண்ணா, உங்களுக்கு இன்னொரு தரம் வாய்ப்பு வருது. எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்கார். இன்னைக்கே அவர்கிட்ட வாக்குமூலம் குடுக்கறீங்க. நாளைக்கு அவரோட பாலத்துக்கு வர்றீங்க. இல்லைன்னா அந்தப் பொண்ணு கொலைகாரி ஆயிருவா, அதுக்குக் கருவி குடுத்தவர் நீங்க."

கந்தவேல் எழுந்து சட்டையை மாட்டினார்.

மறுநாள் மத்தியானம், வேலூர் இலைக் கிடங்கு. இனியாவைத் தனியாகப் பிடித்து ஒரு வார்த்தை பேசிவிட கயல்விழி படாதபாடு பட்டாள். முடியவில்லை. சபரிநாதன் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு, ஆள் யார், ஆள் யார் என்று உயிரை எடுத்தார். கடைசியில் அவள் முன்சீட்டில் ஏற, ஜோஸ்வா பின்னால் இலைக்கட்டுகளுக்கு மேல் தொற்றினான்.

இனியா அங்கே உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். பக்கத்தில் தண்ணீர்க் குடம். கை பாட்டுக்கு அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் முன்னால் கண்ணாடி வழியாகத் தெரிந்த சபரிநாதனின் பிடரியை விட்டு அகலவில்லை.

நாமக்கல் கோட்டை கண்ணில் பட்டு மறைந்தது. அப்புறம் ஜோஸ்வா, கயல்விழி கொடுத்திருந்த நார் இணுக்கை எடுத்து நீட்டினான்.

"மெக்கானிக் கட்டுனா இறுக்கிக் கட்டுவான். இது வெத்தலைக் கொடி பருக்க எடம் விட்டுக் கட்டுற கட்டாம். எங்கக்கா பாத்ததும் சொல்லிட்டாங்க."

அவள் கை சட்டென்று மடிக்குப் போனது.

"யாருங்க நீங்க?"

"அவர் வெச்ச துப்பறியும் ஆளு. ஆனா இப்ப உன் கட்சி."

"எனக்குக் கட்சி வேண்டாமுங்க. முன்னால கண்ணாடியைத் தட்டி, உங்கக்காளையும் கூட்டிட்டு எறங்கிப் போயிருங்க. பாலம் தாண்டுனதுக்கப்பறம் இந்த வண்டியில யாரும் இருக்கக்கூடாது. நானும் அவனுந்தான்."

"சாகப் போறியா?"

"அவஞ் சாகோணும். அதுக்கு நானும் போகோணும்னா போறேன்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "என்ர தம்பி உடனே சாகலீங்க. மழையில ரோட்டோரமாக் கெடந்திருக்கான். கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தாப் பொழச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாருங்க. இடிச்சதைக்கூட உட்டுருவேன். மழை, இருட்டு, கை தவறிருச்சுன்னு மனசைத் தேத்திக்குவேன். நிக்கலீங்களே! ஒரு நிமுசம் நின்னு தூக்கிப் போட்டிருந்தா என்ர தம்பி ஊட்டுக்கு வந்திருப்பான். மூணு மாசமா அந்த எடத்துல இவனை நிறுத்தி நிறுத்திப் பாக்கறேன். கதவைச் சாத்திட்டு உள்ளயே உக்காந்துக்கறானே ஒழிய, ஒரு நாளாச்சும் காலைக் கீழ வெச்சிருக்கானா?"

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிடுங்கிவிடலாம் என்று ஜோஸ்வாவுக்கு ஒரு யோசனை ஓடியது. பிடுங்குகிற இழுபறியில் அமுங்கிவிட்டால்? கழுத்தில் கிடந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டான். மாதாவே, இன்னிக்கு மட்டும் என் வாய்க்கு உபயோகமா எதையாச்சும் குடு.

"செரி, அமுக்கு" என்றான். "டிரெய்லர் வந்து ஏறும். இவர் செத்துப்போவார். அப்புறம் என்ன நடக்கும்னு நான் சொல்றேன், கேளு. நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன், எனக்குத் தெரியும். இலைக் கடைங்க எல்லாம் ஒரு நாள் அடைப்பு. வேலூர்ல இருந்து சேலம் வரைக்கும் ஃப்ளெக்ஸ். கும்பிட்ட கையோட இவர் சிரிப்பார், சுத்தி மாலை. 'ஏழைகளின் தோழர்'னு கீழ எழுதுவாங்க. டிரெய்லர் ஓட்டுனவன் ஒண்ணும் தெரியாம ஜெயிலுக்குப் போவான், அவன் ஊட்டுலயும் ஒரு அக்கா இருப்பா. உன் தம்பியை? 'அடையாளம் தெரியாத வாகனம்'. முடிஞ்சது. இவர் பேரு அவன் பேரோட ஒட்டவே ஒட்டாது. சாவு இவருக்குத் தண்டனை இல்லை தாயி. தப்பிச்சுப் போற வழி."

அவள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"கந்தவேல் அண்ணன் நேத்தே எல்லாத்தையும் சொல்லி எழுதிக் குடுத்துட்டார். போலீஸோட பாலத்துல நிக்கிறார். நீ நிறுத்த வேண்டிய எடம் அதுதான். உயிரோட வெச்சு, நாலு பேர் முன்னாடி, ஊரே காறித் துப்புற மாதிரி பழி வாங்கு. நான் கூட நிக்கிறேன்."

வண்டி வளைவில் திரும்பியது. கருங்கல் பாலம் தெரிந்தது. கைப்பிடிச் சுவர், பக்கத்தில் வேப்பமரம், அதன் நிழலில் ஒரு ஜீப். பாலத்தில் முன்சக்கரம் ஏறியது. அவள் விரல் அசையவில்லை. பாதி தாண்டியது. ஜோஸ்வா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். செத்தோமடா என்று நினைத்த நேரத்தில், காலுக்கடியில் இன்ஜின் சத்தம் அறுந்தது.

வண்டி கொஞ்சம் உருண்டு நின்றது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" முன்னால் சபரிநாதனின் கத்தல். "மறுக்கா நின்னுருச்சு! எங்கீங்க ஆளு? எவன் அவன்?"

"பின்னாடிதான் இருக்கு" என்றபடி கயல்விழி தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கினாள்.

இனியா இலைக்கட்டுகளின் மேலிருந்து குதித்தாள். நடந்து போய் டிரைவர் ஜன்னலுக்கு நேராக நின்றாள். ஜோஸ்வா சொன்ன சொல் தவறாமல் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

சபரிநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருடி நீ?"

"மூணு மாசமா உங்க இலைக்குத் தண்ணி தெளிக்கறவளுங்க."

மனுஷருக்கு அப்போதும் அடையாளம் தெரியவில்லை. இனி அவருக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது, 'அவன்' என்றே சொல்வோம். ஒரு கையால் கதவைப் பூட்டிக்கொண்டு இன்னொரு கையை ஜன்னல் வழியாக அவள் முடியைப் பிடிக்க நீட்டினான். ஜோஸ்வா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. பிடித்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டான்.

"இவங்க இனியா" என்றாள் கயல்விழி. "போன ஐப்பசியில இதே எடத்துல நீங்க இடிச்சுப் போட்டுட்டுப் போன நிலவனோட அக்கா. ஆளைக் காட்டச் சொன்னீங்களே, காட்டிட்டேன். உங்களையும் இவங்களுக்குக் காட்டிட்டேன்."

"என்ன ஆதாரம்? யாரு... எவன் சொன்னான்?"

வேப்பமர நிழலிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் கந்தவேல். சபரிநாதனின் பார்வை கந்தவேல் மேல் விழுந்ததும், நீட்டிய கை தானாகத் துவண்டது. சாவியைத் திருகினான். திருகித் திருகிப் பார்த்தான். வண்டி அசையவில்லை. ரிமோட் அவள் கையில் இருந்தது.

"மழைங்க..." என்றான் கடைசியில். குரல் கம்மிப்போயிருந்தது. "கண்ணு தெரியாத மழை. ஏதோ மாடுன்னுதான் நெனச்சேனுங்க. சாமி சத்தியமா மாடுன்னுதான் நெனச்சேன்."

இனியா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். இத்தனை மாதமாக வராத கண்ணீர் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"மாடா இருந்தாலும் எறங்கிப் பாத்திருக்கோணுமல்லங்க?"

சபரிநாதன் கதவைத் திறந்து இறங்கினான்.